கிளிஞ்சல் நகைகளும் மேடை அணிகளும்: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு பராமரிப்பு வழிகாட்டி

கையால் கோர்த்த கிளிஞ்சல் மாலையோ சோழி வளையலோ முதல் தடவை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் கவலை சிப்பியைப் பற்றித்தான். உடைந்துவிடுமோ, கீறல் விழுமோ என்று பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். ஆனால் இந்த வகை நகைகளில் சிப்பி முதலில் போவது அபூர்வம். அதற்கு முன்பே நூல் இற்றுவிடும், பசை விட்டுவிடும், கொக்கி கறுத்துவிடும், சாயம் வெளுத்துவிடும். அதனால் ஒரு நகையில் எது ரொம்ப பலவீனமோ அதைக் கண்டுபிடித்து, அது தாங்கும் அளவுக்குத்தான் மொத்த நகையையும் நடத்த வேண்டும். தண்ணீர் படலாமா, எண்ணெய் தடவலாமா, தொங்கவிடலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கிருந்துதான் கிடைக்கும்.

முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் நகையைப் போட்டு முன்னும் பின்னும் பாருங்கள். பின்பக்கம்தான் நிறையச் சொல்லும். சிப்பியில் துளை போட்டுக் கோர்த்திருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா, துணியில் தைத்திருக்கிறார்களா? நூல் பருத்தியா, நைலானா, எலாஸ்டிக்கா, மெல்லிய கம்பியா? உலோகம் எந்த நிறத்தில் இருக்கிறது, ஏற்கெனவே எங்காவது பச்சை படிந்திருக்கிறதா?

அப்புறம் சிப்பி. எல்லாச் சிப்பியும் ஒரே மாதிரி இல்லை. சோழியின் வழவழப்பு இயற்கையானது. உயிரோடிருக்கும்போது அந்தப் பிராணி தன் சதை மடிப்பை ஓட்டின் வெளிப்புறம் முழுக்கப் போர்த்திக்கொண்டு, மேலே மேலே படலம் படியவைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் வார்னிஷ் எதுவும் இல்லாமலே அது மின்னுகிறது. அந்த மெருகு ஒரு தடவை அரிக்கப்பட்டுவிட்டால் வீட்டில் வைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. முத்துச்சிப்பியின் வானவில் நிறம் வேறு கதை: அது மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வருவது. ஒளி ஊடுருவும் தட்டையான சிப்பிகளில் விளிம்பு ஏடு ஏடாகப் பிரியும். அவற்றை விளிம்பில் பிடித்துத் தூக்கக் கூடாது. சங்கு கனமானது, உறுதியானது, கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் தாங்கும். கடற்கரையில் பொறுக்கிய சின்னக் கிளிஞ்சல்கள் அலையில் உரசி மேற்பரப்பு சொரசொரப்பாகியிருக்கும். அழுக்கையும் எண்ணெயையும் சீக்கிரம் உறிஞ்சுவது இவைதான்.

நிறம் பளிச்சென்று இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த நகைக்குத் தண்ணீரே கூடாது. உலர்ந்த பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இது சிப்பிதானா, பிளாஸ்டிக்கா என்று சந்தேகமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும், அளவுக்குக் கனமாகவும் இருக்கும். பிளாஸ்டிக் லேசாக, வெதுவெதுப்பாக இருக்கும். ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு தெரியலாம். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்ப்பது, வினிகர் விட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகள் வேண்டாம். உண்மையான சிப்பி என்றால் அதற்குத்தான் சேதம்.

சிப்பிக்கு ஆகாதது புளிப்பு

சிப்பியின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்கிலும் இருப்பதும் அதுதான். மீதி கொஞ்சம் புரதம். அந்தத் தகடுகளைப் பிடித்து வைத்திருப்பது அது. கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் பொடிக் குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். அது அழுக்கு போகும் குமிழி என்று நினைத்துவிடாதீர்கள், ஓடு கரைகிற குமிழி. பித்தளையைத் துலக்கப் பயன்படும் புளிப்பான எதையும் கிளிஞ்சல் நகைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. மனித வியர்வையும் லேசான அமிலத்தன்மை உடையதுதான். ஒரு நாள் வியர்வை ஒன்றும் செய்யாது. துடைக்காமல் அப்படியே பெட்டியில் போட்டு, மாதக்கணக்கில் அதையே செய்தால் முத்துச்சிப்பி மங்கும்.

இன்னொரு விரோதி தூசி. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சிப்பி ஏறக்குறைய 3 முதல் 4 வரை. சாதாரணத் தூசியில் இருக்கும் மணல் துகளான குவார்ட்ஸ் 7. தூசி படிந்த சிப்பியைத் துணியால் அழுத்தித் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். எப்போதும் முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு துடையுங்கள்.

"கடலில் இருந்து வந்த பொருள்தானே, கடலில் குளிக்கும்போது போட்டுக்கொண்டால் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உயிரோடிருந்த பிராணி தன் ஓட்டைத் தானே சரிசெய்துகொண்டே இருந்தது. இப்போது அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அதோடு நூலும் பசையும் கொக்கியும் கடலில் இருந்து வரவில்லை. உப்பு நீர் துளைகளுக்குள் போய்க் காய்ந்து படிகமாகும், நூலை அறுக்கும், பித்தளையை அரிக்கும். நீச்சல் குளத்தில் குளோரின் இருக்கிறது, அது எலாஸ்டிக்கையும் சாயத்தையும் கெடுக்கும். தவறிப்போய் நனைந்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் காயவையுங்கள்.

போடும்போதும் கழற்றும்போதும்

அலங்காரத்தில் கடைசியாகப் போடுவதும், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவதும் இதுவாக இருக்கட்டும். சென்ட், ஹேர் ஸ்பிரே, சன்ஸ்கிரீன், பவுண்டேஷன் எல்லாம் போட்டு, அவை காய்ந்த பிறகு நகையை மாட்டுங்கள். சென்ட்டில் இருக்கும் ஆல்கஹால் சாயத்தையும் மேற்பூச்சையும் கரைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் இன்னும் மோசம், சூப்பர் க்ளூவையே இளக்கிவிடும். நகப்பூச்சை அழிக்கும்போது சிப்பி மோதிரம் விரலில் இருக்கக் கூடாது.

எலாஸ்டிக் வளையலை விரித்து இழுத்து மாட்டாமல், விரல்களைக் குவித்துக்கொண்டு உருட்டி ஏற்றுங்கள். கழற்றும்போதும் அப்படியே. எலாஸ்டிக்கின் ஆயுள் முழுக்க இதில்தான் இருக்கிறது.

கழற்றியதும் மெத்தென்ற பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, தோலில் பட்ட பக்கத்தை ஒரு முறை துடையுங்கள். சாயச் சிப்பி என்றால் உலர்ந்த துணி போதும். அரை நிமிட வேலை. இதை ஒழுங்காகச் செய்தால் பெரிய சுத்தம் அடிக்கடி தேவைப்படாது.

முழுச் சுத்தம்

சாயம் விடாத, பசையால் ஒட்டப்படாத, துளையிட்டுக் கோர்த்த நகைகளுக்கு மட்டும் இது.

1. மேக்கப் பிரஷ் அல்லது குழந்தைகளுக்கான டூத்பிரஷ் கொண்டு உலர்ந்த நிலையிலேயே தூசியைத் தட்டுங்கள். சுருள் சிப்பிகளின் வாய்க்குள்ளும், துளைகளைச் சுற்றியும் தட்ட வேண்டும்.

2. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலக்குங்கள். சூடான தண்ணீர் வேண்டாம்.

3. நகையை அதில் ஊறப்போடாதீர்கள். துணியையோ பிரஷ்ஷையோ நனைத்து, பிழிந்து, ஒவ்வொரு சிப்பியாகத் துடையுங்கள். நூல் எவ்வளவு குறைவாக நனைகிறதோ அவ்வளவு நல்லது.

4. வேறு துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சோப்பை எடுத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் சிப்பி மங்கலாகத் தெரியும்.

5. டவலில் படுக்கவைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈர நூலோடு தொங்கவிட்டால் சிப்பியின் கனத்தில் நூல் நீண்டுவிடும். சிப்பி காய்ந்ததும் வேலை முடிந்துவிடாது, துளைக்குள் இருக்கும் நூல் காய இன்னும் நேரம் ஆகும்.

ஹேர் டிரையர், வெயில், அடுப்பு ஓரம் எதுவும் வேண்டாம். சூட்டில் புரதம் வறண்டு மெல்லிய விரிசல் விடும்.

இணையத்தில் பல இடங்களில் டூத்பேஸ்ட் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். பேஸ்ட்டில் தேய்ப்பதற்கென்றே சிலிக்கா போன்ற துகள்கள் கலந்திருக்கும். முத்துச்சிப்பியின் மெருகு அதோடு போய்விடும். பிளீச், நகைக்கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் இயந்திரம், நீராவி ஆகிய மூன்றும் இதே பட்டியல்தான்.

மங்கிப்போன இயற்கைச் சிப்பிக்குக் கொஞ்சம் பளபளப்பு வேண்டுமென்றால் பேபி ஆயில் மாதிரியான மினரல் எண்ணெயை ஒரு சொட்டு துணியில் விட்டுப் பூசி, உடனே வேறு துணியால் துடைத்தெடுக்கலாம். சமையல் எண்ணெய் எதுவும் உதவாது. நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து, பிசுபிசுத்து, தூசியை இழுக்கும். சாயம் போட்டதற்கும் ஒட்டியதற்கும் எந்த எண்ணெயும் வேண்டாம். நிறமற்ற நெயில் பாலிஷ் அடித்தால் முதல் வாரம் ஜோராக இருக்கும், பிறகு மஞ்சளாகி உரியும்.

நாற்றம் அடிக்கிறதா? சுருள் சிப்பிக்குள் காய்ந்த சதைத் துணுக்கு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். சென்ட் அடித்து மறைக்க முடியாது, பூச்சியும் வரும். அந்தச் சிப்பியை மட்டும் கோர்ப்பிலிருந்து கழற்றி, சோப்பு நீரை உள்ளே விட்டுக் குலுக்கி நாலைந்து தடவை அலசிக் காயவையுங்கள்.

உலோகப் பகுதி

பித்தளையும் செம்பும் பச்சைக் களிம்பு பிடிக்கும், வெள்ளி கறுக்கும். இரண்டுக்கும் கடையில் திரவம் கிடைக்கிறது. வெள்ளியை முக்கியெடுக்கும் திரவங்களில் பொதுவாக அமிலம் இருக்கும். சிப்பி பதித்த வெள்ளிப் பதக்கத்தை அதில் முக்கினால் வெள்ளி பளிச்சென்று வரும், சிப்பி போய்விடும். மெருகுத் துணியால் உலோகத்தை மட்டும், சிப்பியின் மேல் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பதுதான் பாதுகாப்பான வழி. மூலைகளில் இருக்கும் களிம்பைப் பல்குச்சியால் சுரண்டலாம்.

தோலில் பச்சைக் கறை படிந்தால் சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. அரிப்போ தடிப்போ வந்தால் அது வேறு. நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கம்மலின் கொக்கியை மட்டும் டைட்டானியத்துக்கு மாற்றிக்கொண்டு அதே சிப்பியைப் போட்டுக்கொள்ளலாம்.

மேடை அணிகள்: கிரீடம், இடுப்புப் பட்டை, தலைப்பட்டை

நடனத்துக்கும் நாடகத்துக்கும் மாறுவேடத்துக்கும் செய்யப்படுபவை தூரத்திலிருந்து பார்ப்பதற்கானவை. அழகு முன்னால், உறுதி பின்னால். பெரும்பாலும் ஹாட் க்ளூவில் ஒட்டியிருப்பார்கள். இந்தப் பசை சூட்டில் இளகும், வழவழப்பான சிப்பியில் பிடிப்பும் குறைவு. வெயிலில் நிறுத்திய காருக்குள் சிப்பிக் கிரீடத்தை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பாதி சிப்பி இருக்கையில் கிடக்கும்.

இவற்றில் பல பொருள்கள் கலந்திருப்பதுதான் சிக்கல். அடியில் வெள்ளிப் பூச்சு உள்ள கண்ணாடிக் கற்களுக்குள் தண்ணீர் புகுந்தால் பூச்சு கறுத்து, கல் குருடாகிவிடும். போலி முத்துகளின் மேல்பூச்சு ஆல்கஹாலிலும் உரசலிலும் உரியும். இறகுகளை நனைக்காமல் மெல்லிய பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனி நோக்கி நீவிவிடுங்கள். மொத்தத்தில், கலப்பு அணிகளுக்கு உலர் பிரஷ்ஷும், அழுக்குப்பட்ட இடத்தில் மட்டும் ஈரப் பஞ்சும் என்று வைத்துக்கொண்டால் தப்பாது.

சிப்பி தைத்த பாவாடை, இடுப்புத் துணி போன்றவற்றை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வியர்வை பட்ட உட்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்துக் காயவையுங்கள். கனமான சிப்பிப் பட்டையை ஹேங்கரில் மாட்டினால் துணி இழுபட்டுத் தொங்கிவிடும். படுக்கவைப்பதே நல்லது. தைத்த சிப்பி ஒன்று ஆடத் தொடங்கினால் அன்றைக்கே இரண்டு தையல் போடுங்கள். ஆட்டம் நடுவில் தரையில் விழுந்த சிப்பியை வெறுங்காலால் மிதிப்பது வலிக்கும்.

எங்கே, எப்படி வைப்பது

1899-இல் பைன் என்ற பிரிட்டிஷ்காரர் ஒரு விநோதத்தைப் பற்றி எழுதினார். அலமாரிகளில் சேகரித்து வைத்திருந்த சிப்பிகள் மீது வெள்ளையாக மாவு பூத்து, ஓடு அரித்துக்கொண்டே போனது. கிருமிதான் காரணம் என்று அவர் நினைத்தார். உண்மையில் குற்றவாளி அலமாரி. ஓக் போன்ற மரங்களிலிருந்து வெளிவரும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து சிப்பியை உப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. தொற்றாத இந்தக் கேட்டுக்கு 'பைன் நோய்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பிளைவுட், அமுக்கிய மரத்தூள் பலகை, சாதாரண அட்டை, கார்க் எல்லாம் இந்த ஆவியை விடக்கூடியவை. நாள்தோறும் திறந்து மூடும் மரப்பெட்டியால் பெரிய ஆபத்து இல்லை. வருடக்கணக்கில் மூடியே கிடக்கும் பெட்டிதான் பிரச்சினை. கண்ணாடி ஜாடியோ, உலோகப் பெட்டியோ, அமிலம் இல்லாத டிஷ்யூ தாளோ நல்லது. துவைத்து மெத்தென்றான பழைய பருத்தித் துணியும் அருமையான உறை. செய்தித்தாளில் சுற்றாதீர்கள். ஏற்கெனவே மாவு பூத்திருந்தால் சிப்பியை நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, இடத்தை மாற்றுங்கள். அரித்த குழி போகாது, மேலே பரவாமல் நிற்கும்.

ஜிப் பையில் ஈரத்தோடு அடைத்தால் நூல் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு நகையும் தனித்தனிப் பையில் இருக்கட்டும். உலோகச் சங்கிலியோடு சேர்த்துப் போட்டால் சிப்பிக்குத்தான் கீறல். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் காட்சிக்கு வைக்க வேண்டாம். ராணிச் சங்கு எனப்படும் பெரிய கரீபியன் கடல் சங்கின் இளஞ்சிவப்பு வெயிலில் வெளுத்துவிடும், சாயச் சிப்பி அதைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ராணிச் சங்கு 1992 முதல் சைட்டீஸ் (காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ராட்சதச் சிப்பிகளும், சுருள் ஓடு கொண்ட நாட்டிலஸ் என்ற கடல் பிராணியும் அதே பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டும்போது அனுமதிச் சீட்டு கேட்கலாம், அதனால் வாங்கும்போதே இன்ன சிப்பி என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பது

நூல் அறுந்த பிறகு தேடிப் பொறுக்குவதைவிட, அறுவதற்கு முன் மாற்றுவது சுலபம். சிப்பிகளுக்கு இடையில் நூல் அதிகமாகத் தெரியத் தொடங்கினால், நூல் பிசிறு விட்டால், துளை அருகே கறுத்தால் நேரம் வந்துவிட்டது. கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்; வரிசை பின்னால் ஞாபகம் வராது.

சிப்பியில் துளையின் விளிம்பு கூராக இருக்கும், நூலை அறுப்பது அதுதான். மிக மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து, துளை வாயை லேசாக மழுக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்: சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். புதிதாகக் கோர்க்கும்போது ஒவ்வொரு சிப்பிக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போட்டால் ஒன்றோடொன்று உரசாது. அறுந்தாலும் ஒன்றுதான் கீழே விழும்.

ஒட்டு விட்டுப்போனதற்கு சூப்பர் க்ளூ எல்லோர் கையிலும் இருக்கிறது, ஆனால் அது இறுகியதும் நொறுங்கும் தன்மை உடையது. ஒரு தட்டு பட்டால் விட்டுவிடும். சுற்றியுள்ள பளபளப்பில் வெள்ளைப் படலமும் படியவைக்கும். இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி நல்ல தேர்வு. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஒட்டும் இரண்டு பரப்பையும் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, பல்குச்சி நுனியால் மிகச் சிறிதளவு தடவி அழுத்துங்கள். பிதுங்கி வந்ததை இறுகும் முன்பே துடைத்துவிட வேண்டும். ஐந்து நிமிட எபாக்ஸி என்று டியூபில் எழுதியிருந்தாலும் முழு பலம் வர ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். அதுவரை மாட்டிப் பார்க்காதீர்கள்.